இரண்டு பிழையோடு ஒரு வாக்கியம்

இந்த ஊர் மொழியில் மீனுக்கு நாலு வால்.
ஃபிஸ்குர், ஃபிஸ்க், ஃபிஸ்கி, ஃபிஸ்க்ஸ்.
தானாக நீந்தினால் ஒன்று, பிடிபட்டால் ஒன்று,
அதிலிருந்து முள்ளை எடுத்தால் ஒன்று,
அதன் விலையைச் சொன்னால் இன்னொன்று.

போலிஷில் ஏழு வேற்றுமையோடு வளர்ந்தவள்,
நாலு என்னை என்ன செய்யும் என்றுதான் வந்திறங்கினேன்.
ஐந்தாவது வேற்றுமை ஒன்று
கடைவாசலில் நின்றதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டாகக் காட் மீன் அறுக்கிறேன்.
கத்திக்கு இலக்கணம் வேண்டாம்.
தொழிற்சாலையில் இயந்திரம் மட்டும் பேசும்,
நாங்கள் காதை அடைத்துக்கொண்டு நிற்போம்.
இரவில், பயிற்சி நாற்பத்தொன்று:
கோடிட்ட இடங்களை நிரப்புக.
நிரப்பினேன். எல்லாம் சரி.
புத்தகத்து மீன் உறைபெட்டி மீன்,
எப்படிப் புரட்டினாலும் சும்மா கிடக்கும்.
வாய்க்குள் வந்ததும் அதற்கு உயிர் வந்துவிடுகிறது.

ரொட்டிக் கடையில் ஸ்வாலா. நல்ல பெண்.
"ஒரு ஸ்னூதுர்" என்று தொடங்குவேன்.
(பட்டைத்தூள் தூவிய சுருள் ரொட்டி.
கேட்டு வாங்கும்போது வாலை விட்டுவிட வேண்டும், வெறும் ஸ்னூத்.
எனக்கு விட மனம் வருவதில்லை.)
நான் முடிப்பதற்குள் அவள் ஆங்கிலத்தில்,
"வேறென்ன வேண்டும், போஜெனா?"

கருணைதான். உறைபனியில் கைகொடுப்பது போல.
கைகொடுத்துக் கைகொடுத்தே
பன்னிரண்டு ஆண்டாக என்னை நடக்க விடவில்லை.

குளத்து வெந்நீர்த் தொட்டியில் ஸ்டெய்ன்டோரைப் பார்த்தது
சென்ற அக்டோபரில்.
இழுவைப்படகில் எந்திரம் ஓட்டியவன். என் வயது.
மூளைக்குள் ஒரு குழாய் வெடித்ததில்
வலக்கை போய்த் திரும்பி வந்தது,
பெயர்ச்சொற்கள் வரவில்லை.
எதிரே மலையைக் காட்டி "அது… அது…" என்றான்.
அவன் பிறந்த அன்றைக்கும் அங்கேதான் நின்றிருக்கும் அது.

"ஃப்யாட்ல்," என்றேன்.
"ஃப்யாட்லித்," என்றான் உடனே,
அந்த மலை என்று பொருள்படும்படி.
வால் முழுக்க அவனிடம் பத்திரமாக இருந்தது.

அப்புறம் செவ்வாய்தோறும்.
சில செவ்வாய் அவன் தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு எழுந்து போவான்.
இரண்டு வாரம் பல்வலி, நான் போகவில்லை.
ஒருமுறை நான் சொன்ன ஏதோ ஒரு சொல்லுக்குத்
தொட்டியே கொந்தளித்துச் சிரித்தது.
என்ன சொன்னேன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மே மாதம். ஸ்வாலா விடுப்பில்.
தலைநகரிலிருந்து வந்த பையன் கல்லாவில்.
எனக்கு முன்னால் வரிசையில் ஸ்டெய்ன்டோர்,
விரல் கண்ணாடியில், "ஒரு… ஒரு…"
பையன் முகம் கனிந்தது. ஆங்கிலத்தில் கேட்டான்,
"எது வேண்டும் சார்?"

சன்னலுக்கு வெளியே கல்லறைத் தோட்டம்.
அதில் பாதிப்பேர் ஸ்டெய்ன்டோரின் குடும்பம்.

அவன் காது சிவந்தது. திரும்பி என்னைப் பார்த்தான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்,
பன்னிரண்டு ஆண்டு நான் போட்டுக்கொண்டிருந்தது.

"பொறு," என்றேன் பையனிடம்.
"அவர் ஐஸ்லாந்து மொழி பேசிக்கொண்டிருக்கிறார்."
வினையில் ஒரு பிழை, வாலில் ஒரு பிழை.
கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குத் தெரிந்தது.
திருத்த நிற்கவில்லை.

பையன் பொறுத்தான்.
பின்னால் நாலு பேர், ஈரச் சப்பாத்துகள், ஒரு தும்மல்.

"ஸ்னூத்," என்றான் ஸ்டெய்ன்டோர்.
வாலைச் சரியாக விட்டுவிட்டு.

"எனக்கும்," என்றேன்.

"அப்போ இரண்டா?"
பையன் கேட்டது அந்த மொழியில்.

இரண்டு என்றால் வால் மறுபடி மாறும்.
எதுவாக மாறும் என்று நினைவில்லை.
வாயைத் திறந்தேன்.