இரவல் பாய்

நீலத்துணி ஆலை லைனில் அறை வேண்டுமென்றால்
பேரேட்டில் எனக்கொரு புருஷன் பெயர் வேண்டும்.
பாவாடைக்கு ஒரு பெண்டாட்டி பெயர்.
எங்களிடம் இல்லாதது அது ஒன்றுதான் என்று
குமாஸ்தாவிடம் சொல்ல முடியாது.
எதுவுமே இல்லை.

தாது வருஷம் என் வீட்டில் இரண்டு பேரைத் தின்றது.
அவன் வீட்டில் யார் யாரை என்று நான் கேட்கவில்லை.
பெரிய வாய்க்கால் கரையில் நின்றபடி பேசி முடித்தோம்.
அரிசி பாதிப் பாதி. கூலி அவரவர் முடிச்சில்.
குடித்துவிட்டு வரக் கூடாது என்றேன்.
அழக் கூடாது என்றான்.
அடுத்த தை வரைக்கும் பார்க்கலாம்.
தனிக்கட்டைதானே, தீவுக்கு வா என்று
கப்பல் தரகன் அவன் பின்னால் திரிவது நிற்கும்.
நூல் கட்டில் அப்பாவு மேஸ்திரியின் கை
என் பக்கம் நீள்வதும்.

காளி கோயில் வாசலில் கட்டினான்.
சாயத்தொட்டியிலிருந்து நேராக வந்தவன்,
முழங்கை வரை அவுரி.
ஈர மஞ்சள் கயிற்றில் அவன் விரல் பட்ட முடிச்சு
பச்சையாகிவிட்டது.
"கழுவினா போயிடும்" என்றான்
திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி.
போகவில்லை.

அவனுக்கு ராத்திரி வேலை, எனக்குப் பகல்.
காலைச் சங்குக்கு நான் நுழைய, அவன் வெளியே வருவான்.
ஆலை வாசலில் சாவி கைமாறும்.
அவ்வளவுதான் சம்சாரம்.

பாய் ஒன்று. அதுவே போதுமாக இருந்தது.
நான் எழுந்த பள்ளத்தில் அவன்,
அவன் எழுந்த சூட்டில் நான்.
முதல் மாதம் தினமும் கிணற்றடியில் உதறினேன்,
அழுகிய இலை நாற்றம், தொட்டி நாற்றம்.
எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது.

சொம்பின் கழுத்தில் நீல விரல்:
தண்ணீர் குடித்திருக்கிறான்.
உப்பு மரவையில் நீலம்:
கூழில் உப்பு குறைச்சல்.
ஒருநாள் கூரை ஒழுகிய இடத்தில்
புது ஓலை, அதில் நீலம்.
ஒருநாள் என் சீப்பில்.
அதற்கு என்ன அர்த்தம் என்று
பகல் முழுக்க யோசித்தேன்.
நூல் அறுந்து அறுந்து
அரையணா அபராதம்.

தை வந்து போயிற்று. யாரும் அதைப் பேசவில்லை.
மாசியில் கொதிகலன் பிளந்தது.
மூன்று நாள் ஆலை இல்லை, சங்கு இல்லை.

விளக்கேற்றினேன். அவன் இருந்தான்.
அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தான்,
அந்த அறையில் அது நாலே எட்டு.
இவ்வளவு உயரமா இவன்?
நிலைப்படியில் தலை இடிக்கிறது.
"துரோபதை" என்றான், முதல் தடவையாக.
பேரேட்டில் எழுதிய பெயர் மாதிரி இல்லை அது.

"பாய் ஒண்ணுதான் இருக்கு."
"நான் வெளியில படுத்துக்கறேன்."
"பனி" என்றேன்.

இரவல் பாய் கேட்க
அடுத்த அறை சவரியம்மாவிடம் போனேன்.
"என்னடி?" என்று கதவைத் திறந்தாள்.
அவள் தோளுக்குப் பின்னால்
சுவரில் சாய்த்த பாய்கள் மூன்றும் தெரிந்தன.

கொஞ்சம் உப்பு வாங்கிக்கொண்டு
திரும்பினேன்.