சரிபாதி

வூவ்ரேயில் மார்ச் மாதக் காலை.
நோட்டரி அலுவலகத்தில் நான் எழுத்தர்;
என்னை அனுப்பியது எண்ணுவதற்கு.
சுண்ணாம்புக் குன்றைக் குடைந்த நிலவறை,
கோடையிலும் குளிரிலும் பன்னிரண்டு டிகிரி.
நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி வேர்த்தது.

தீர்ப்பில் இதற்கென ஒரே வரி:
போத்தல்கள் சரிபாதி.
எழுதிய நீதிபதி பியர் குடிப்பவர் என்று கேள்வி.

இடது சுவரோரம் ஆர்மெல்,
கோட்டைக் கழற்றவில்லை.
வலது சுவரோரம் கயெத்தான்,
சாவிக்கொத்தைக் கீழே வைக்கவில்லை.
நடுவில் நானும் என் பென்சிலும்
இரண்டாயிரத்து நூற்றுப் பதின்மூன்று போத்தல்களும்.

ஒரே சரிவு. ஒரே ஷெனின் கொடி.
அதே இரண்டு பேர், அதே கத்தரிக்கோல்.
ஆனால் ஆண்டு ஒவ்வொன்றும் வந்து
அந்தச் சரிவை ஆண்டுவிட்டுப் போயிருக்கிறது,
தன் சட்டம், தன் வரி, தன் தண்டனையோடு.

தொண்ணூற்றேழு:
அக்டோபரில் காலையில் மூடுபனி, மதியம் வெயில்.
குலைகள் கொடியிலேயே சுருங்கிப்
பாகு பதத்துக்கு வந்தன.
இன்று திறந்தாலும் அறை முழுக்கத் தேன்மெழுகு வாசம்.
இருவருக்கும் கல்யாணமான வருஷம் அது;
கோப்பில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரத்து மூன்று:
ஆகஸ்ட் தாங்கவில்லை. மண் வாய் பிளந்தது.
புளிப்புச் செத்த, பருத்த, சோம்பல் மது;
விருந்தாளிகள் அதிகமானால் திறப்பது.

பன்னிரண்டு: மழை, மழை, பூஞ்சணம்.
பழத்தில் சர்க்கரை ஏறவேயில்லை.
"சமையலுக்கு ஆகும்," என்றார் கயெத்தான்.
"உன் சமையலுக்கா?"
நான் பென்சிலைச் சீவிக்கொண்டேன்.

பதினாறில் ஏப்ரல் கடைசி, உறைபனி.
விடியுமுன் ஈர வைக்கோலைக் கொளுத்திப்
புகையால் சரிவைப் போர்த்தினார்களாம்.
கொஞ்சம் பிழைத்தது. எழுபத்திரண்டு போத்தல், பாதி முப்பத்தாறு.

தொண்ணூற்றேழுக்குச் சண்டை வருமென்று
மதியச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.
வரவில்லை. நாற்பது அவருக்கு, நாற்பது இவருக்கு.
பெட்டியில் அடுக்கும்போது
கைகள் பழக்கத்தில் ஒன்றுக்கொன்று உதவின.

சிக்கியது கடைசித் தட்டில்.
பதின்மூன்றாம் ஆண்டு. பதினோரு போத்தல்.
"எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும்."
"எனக்கு ஒன்றும் வேண்டாம்."
பேர்பெற்ற ஆண்டுக்கு வராத பிடிவாதம்
கொள்வாரில்லாத ஆண்டுக்கு.

அந்த ஜூனில் ஒரு திங்கட்கிழமை, ஆலங்கட்டி.
இலை, தளிர், பூ, கூரை ஓடு, நாயின் தண்ணீர்த் தட்டு.
மிஞ்சியதை ஒரு குளியல்தொட்டியில் அடக்கிவிடலாம்
என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள்.

"அன்று நீ தூர் நகரத்தில் இருந்தாய்."
ஆர்மெல் போத்தலிடம்தான் சொன்னார்.
"காப்பீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருந்தேன்."
"ஆலங்கட்டி விழுவதற்கு முந்தின இரவேவா?"

குழல்விளக்கு மட்டும் ரீங்கரித்தது.

பதினொன்றைப் பாதியாக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.
ருசி தெரியாமல் மதிப்புப் போட முடியாது என்றேன்.
பொய். விலைப்பட்டியல் என் பையிலேயே இருந்தது.

தக்கை இரண்டாக உடைந்து வந்தது.
ஒரே கோப்பை, மூன்று பேர்.
முதல் வாய்க்குப் பல் கூசியது,
நனைந்த சுவரை நக்கியதுபோல.
யாரும் துப்பவில்லை, யாரும் பேசவுமில்லை.
கால்மணி நேரம் கழித்து, எங்கிருந்தோ
சீமைமாதுளை; அதன் பின்னால் கொஞ்சம் உப்பு;
விழுங்கிய பிறகும்
போக மனமில்லாமல் நின்றது.

ஆர்மெல் கோப்பையை விளக்குக்கு நேரே பிடித்தார்.
"நாசமாய்ப் போக," என்றார். "நன்றாகத்தான் இருக்கிறது."
கயெத்தான் சாவிக்கொத்தை
முதல் தடவையாகக் கீழே வைத்தார்.
இதை மன்னிப்பு என்று நான் எழுதமாட்டேன்;
என் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

மீதி பத்து. ஐந்து, ஐந்து.
குறிப்பு என்ற இடத்தில் எழுதினேன்:
2013, ஒன்று, கையாளும்போது உடைந்தது.
மூவரும் கையெழுத்திட்டோம்.