இருவருக்கு மட்டும்

அழைப்பிதழின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
பட்டம் பெறுபவர் ஒருவருக்கு
விருந்தினர் இருவருக்கு மட்டும் அனுமதி.
நாங்கள் நான்கு பேர் கிளம்பினோம்.

விடிகாலை நாலரைக்கு அப்பா
கொள்முதல் நிலையத்தில் நின்றிருந்தார்.
பதினோரு நாளாய் அங்கே கிடக்கிறது எங்கள் குவியல்.
டோக்கன் நூற்றி முப்பத்தாறு.
நேற்று எடை நின்றது நூற்றி இருபத்தொன்பதில்.
படுதாவின் மூலைகளுக்குச் செங்கல் வைத்து
மாரியப்பனிடம் சொன்னதையே மூன்று முறை சொல்லி
அங்கிருந்தே ஆம்னியில் ஏறிக்கொண்டார்.
வெள்ளைச் சட்டைக் காலருக்குள் நெல்சுணை.
வழியெல்லாம் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்தார்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது.
வேறெப்படி இருக்கும்.
சரக்கு ரயில் முன்னால் போய், பின்னால் வந்து,
கொஞ்சம் யோசித்து, மறுபடி முன்னால் போனது.
பெட்டியெல்லாம் நெல்.
"நாப்பத்திரெண்டு" என்றார் அப்பா,
அதில் ஒரு மூட்டைகூட நம்முடையதில்லை என்கிற குரலில்.

அந்த அரைமணி நேரத்தில்தான் அம்மா கேட்டாள்:
"உள்ள போற ரெண்டு பேரு யாரு?"
பவுனு அத்தை தண்டவாளத்தைப் பார்த்தாள்.
இரண்டாம் வருடக் கட்டணத்துக்குப் போன அவள் சங்கிலி
இன்னும் மன்னார்குடி அடகுக்கடையில்தான் இருக்கிறது.
யாரும் அதைச் சொல்லவில்லை.
வெள்ளரிப்பிஞ்சு விற்றவனைக் கூப்பிட்டு
மிளகாய்ப்பொடி தூவி வாங்கி
முதல் கீற்றை அத்தையிடம் நீட்டினாள் அம்மா.
எனக்குப் புரிந்துவிட்டது.

கும்பகோணத்தில்
அப்பாவும் அத்தையும் அரங்கத்துக்குள்.
நானும் அம்மாவும் புங்கமரத்தடியில்,
சீட்டு இல்லாதவர்களுக்குக் கட்டியிருந்த
ஒலிபெருக்கிக்குக் கீழே.
பெயர்கள் வந்துகொண்டே இருந்தன.
வேதியியல் முடிந்து இயற்பியல் தொடங்கும்போது
போனைக் காதில் அழுத்தியபடி அப்பா வெளியே வந்தார்.
நடையை நிறுத்தாமல்
அனுமதிச் சீட்டை அம்மா கையில் திணித்தார்.
அம்மா செருப்பைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"கெழக்க கருக்குதுண்ணே!"
மாரியப்பன் கத்துவது எனக்கே கேட்டது.
"தெக்கு மூலைய இழுடா. கல்ல எடுத்து வையி.
சாக்கப் போடு, சாக்க..."
அப்போது மரத்துக்கு மேல்,
சி. தையல்நாயகி.

வீட்டில் தையலு. கல்லூரியில் வெறும் நாயகி,
பாதிப் பெயரை அங்கே மறைத்து வைத்திருந்தாள்.
ஒலிபெருக்கி இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு
அடுத்த பெயருக்குப் போய்விட்டது.
அப்பா அப்போதும் "சாக்கு, சாக்கு" என்றுதான்
சொல்லிக்கொண்டிருந்தார்.
கேட்டவன் மாரியப்பன்,
முப்பது கிலோமீட்டருக்கு அப்பால்,
கையில் படுதாவோடு.
"அண்ணே, அங்க யாரோ நம்ம தையலு பேரச் சொன்னாங்களே?"

அப்பா நடப்பதை நிறுத்தினார்.
"சொன்னாங்களா?" என்றார்.
ஒலிபெருக்கியைப் பார்த்தார். அது யாரோ ஒரு
திலகராஜைச் சொல்லிக்கொண்டிருந்தது.
"ஆமாடா. நம்ம தையலுதான்."
பிறகு, கொஞ்சம் மெதுவாக,
"கல்லு வச்சியா?"

அம்மா பார்த்தேன் என்கிறாள்.
கறுப்பு அங்கி, நீலப் பட்டை, சிரித்தாள், எல்லாம் சொல்கிறாள்.
"இவ உள்ள வந்தப்ப அவ மேடையவிட்டு எறங்கிட்டா"
என்கிறாள் அத்தை.
இது தீர்கிற வழக்கில்லை.

நாலு மணிக்குள் அங்கியைத் திருப்பித் தராவிட்டால்
முன்பணம் முந்நூறு போய்விடும் என்பதால்
போட்டோவுக்கெல்லாம் அதிக நேரமில்லை.
வலங்கைமான் பட்டாசுக் கடைகளைத் தாண்டும்போது
மழை பிடித்துக்கொண்டது.
தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தைக்
கைத்தட்டல் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
மாசி மழை.
நனைகிற நெல்லுக்கு மேல் விழுகிற சத்தம்.
பட்டத்தை பிளாஸ்டிக் உறையோடு
முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள் அம்மா.

நீடாமங்கலத்தில் மறுபடி கேட்.
முன்சீட்டில் இருந்த அப்பா
வெகுநேரம் கழித்துத் திரும்பினார்.
"மொத்தம் எத்தன பேருக்குக் குடுத்தாங்க, தையலு?"
"முந்நூத்திப் பன்னெண்டுப்பா."
"ஒரே நாள்லயா?"

அவள் தலையாட்டினாள்.
கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு
நம்பாமலே உட்கார்ந்திருந்தார்.