பதினெட்டுத் தசம் நாலு

நான்காம் சுற்று. ஏழாவது மேசை.
கொக்குவில் பாடசாலை மண்டபச் சுவரில்
ஒட்டியிருந்த தாளின்படி
செ. நந்தரூபன், ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழு, வெள்ளை.
கி. யதுசனா, ஆயிரத்து இருநூற்று நாலு, கறுப்பு.
வயது பதினொன்று.

கணக்கு எனக்கு மனப்பாடம்.
வென்றால் ஒன்று தசம் ஆறு ஏறும்.
சமன் என்றாலே எட்டுத் தசம் நாலு போகும்.
தோற்றால் பதினெட்டுத் தசம் நாலு.
கடன்பட்டவனைப் போலத்தான்
கதிரையில் குந்தினேன்.

அவளுக்குக் கால் நிலத்தில் முட்டவில்லை.
தண்ணீர்ப் போத்தலையும்
பாதி தின்ற பிஸ்கற் பைக்கற்றையும்
கதிரைக்குக் கீழே வைத்தாள்.
கை தந்தாள். மணிக்கூட்டை அமத்தினாள்.
பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

எனக்கு உத்தியோகம் மீற்றர் வாசிப்பது.
ஒழுங்கை ஒழுங்கையாய்
நாய்களோடு சமாதானம் பேசி
படலை திறந்து இலக்கம் எழுதுகிறவன்.
கூரையில் சூரியத் தகடு பூட்டிய வீடுகள் தவிர
எந்த மீற்றரும் பின்னால் ஓடி நான் கண்டதில்லை.
என்னுடையது ஓடும்.
மாதம் முதலாம் திகதி விடிய எழும்பி
தரப்பட்டியலில் என் பெயரைத் தேடுவேன்.
"சம்பளத்தைக்கூட நீங்கள்
இப்பிடிப் பார்க்கேல்லை" என்பாள் மனுசி.

இருபத்திரண்டாம் நகர்வில் ராணிகளை மாற்றினேன்.
பிறகு குதிரைகளை. பிறகு கோட்டைகளை.
சின்னப்பிள்ளைகளுக்குப் பாய்ச்சலும் பொறியும்தான் பிடிக்கும்,
வெறும் பலகையில் பொறுமை இராது.
அப்படி நினைத்தது நானில்லை,
அந்த ஆயிரத்து அறுநூற்று எண்பத்தேழு.

ஆறரைக்குக் கரண்ட் போனது.
மண்டபம் முழுக்க
என்னைத் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும்,
இருட்டிலும்.
நடுவர் மணிக்கூடுகளை நிறுத்தச் சொன்னார்.
போன்கள் எல்லாம் அவருடைய பெட்டிக்குள்;
ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.
நான் பதினெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.
எதிர்ப்பக்கம் பிஸ்கற் கடிபடும் சத்தம்,
மெதுவாய்,
எண்ணி எண்ணிக் கடிப்பதுபோல.

வெளிச்சம் வந்தபோது பலகையில்
இரண்டு அரசர், இரண்டு சிப்பாய்.
சிப்பாய்கள் நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.
அவளுடைய முறை.
முன்னால் வரவேண்டிய அரசனை
ஒரு கட்டம் பின்னால் வைத்தாள்.
பயந்துவிட்டாள் என்று
நான் நேரே போய்ச் சிப்பாயின் பக்கத்தில் நின்றேன்.
அப்போதுதான் அவள் வந்தாள்.

அந்தக் கட்டங்களுக்கு
மிதிவெடிக் கட்டங்கள் என்று பெயர்.
முந்திக் கால் வைப்பவர் தோற்பார்.
முகமாலைப் பக்கம் வேலை செய்த வருசங்களில்
சிவப்புப் பலகையும் நாடாவும் பார்த்துப் பார்த்தே
சைக்கிள் உருட்டினவன் நான்.
அங்கே பலகை வைத்திருந்தார்கள்.

இருந்த இடத்தில் இருக்கவிட்டால்
எனக்கொரு குறையுமில்லை.
என் அரசன் என் சிப்பாயைக் காப்பான்,
அவளுடையவன் அவளுடையதை,
அப்படியே விடியும்வரை நிற்கலாம்.
ஆனால் முறை என்னுடையது.
நகரமாட்டேன் என்று சொல்ல
இந்த விளையாட்டில் இடமில்லை.

மூன்று நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கை கொடுத்தேன்.

தாளில் கையெழுத்து வைத்ததும்
காய்களை அவளே திரும்ப அடுக்கினாள்.
"இதில நிண்டிருந்தா சமன், அங்கிள்."
"உமக்கு முப்பத்தாறு தசம் எட்டு ஏறும்" என்றேன்.
அவள் கேட்கவில்லை.
விரல் வேறொரு கட்டத்தில் இருந்தது.
"கரண்ட் போக முதல்
நான் இங்க வந்திருந்தா?"

அதை நான் பார்த்திருக்கவில்லை.

மற்ற மேசைகளில் கதிரை இழுபடத் தொடங்கிவிட்டது.
நான் என் அரசனைத் தூக்கி
ஒரு கட்டம் பின்னால் வைத்தேன்.
"வாரும்" என்றேன்,
"வந்து பாரும்."