ஸ்பிரிங் பிரேக்

பத்தொன்பது வருஷம் அடக்கிப் பழகியவன் நான்.
போர்ட்டேஜ் அவென்யூவில் நாலு மணி நேரம்;
கடைசித் தரிப்பில் கழிப்பறை பூட்டிக் கிடக்கும்.
அப்போதெல்லாம் என் மூத்திரப்பை
சொல்வழி கேட்கிற பிள்ளை.

வாதுமைக்கொட்டையளவு சுரப்பி.
புற்றோடு சேர்த்து எடுத்தார்கள்.
"சுத்தமாக வந்துவிட்டது" என்றார் டொக்டர் பெல்ச்சுக்.
உயிர் மிஞ்சியது.
கதவு மிஞ்சவில்லை.

இருமினால் ஒழுகும். தும்மினால் ஒழுகும்.
சக்கர நாற்காலிக்குப் பட்டி மாட்டக் குனிந்தால் ஒழுகும்.
சிரிப்பைத்தான் முதலில் நிறுத்தினேன்.
அது சுலபமாயிருந்தது.

ஒரு நாளைக்கு ஆறு பேட்.
மைனஸ் முப்பதில் இறங்கிக் கண்ணாடி துடைத்த காலை
காற்சட்டை தொடையில் விறைத்துத்
தகரம்போல் சத்தம் போட்டது.
பிறகு ஹீட்டர் சூட்டில் அது இளக,
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மூக்கைச் சுளித்தான்.
பஸ்ஸில் யாரோ என்று நினைத்திருப்பான்.
நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்,
யாரோ என்பதுபோல.

பவளராணி ஒன்றும் கேட்கவில்லை.
மெத்தைக்கு றப்பர் விரித்தாள்,
மகனுக்கு விரித்த அதே நீல றப்பர்.
இத்தனை வருஷம் ஏன் வைத்திருந்தாள் என்று
நானும் கேட்கவில்லை.
நிலவறைக்குப் படுக்கையை மாற்றினேன்.
குறட்டை என்று காரணம் சொன்னேன்.
குறட்டை விடுகிறவள் அவள்தான்.

இடுப்படித் தசையை இறுக்கி விடு, இறுக்கி விடு.
ஒரு வருஷம் செய்தேன், சிக்னலில் நின்றபோதெல்லாம்.
வின்னிபெக்கின் எல்லாச் சிவப்பு விளக்குக்கும் தெரியும்.

பிறகு டொக்டர் ஒரு தாளில் வரைந்தார்:
குழாயைச் சுற்றி ஒரு பட்டி,
அடிவயிற்றில் ஒரு பலூன்,
விதைப்பையில் ஒரு பம்ப்.
"சும்மா இருக்கையில் பட்டி இறுகியே இருக்கும்.
நீங்கள் அமுக்கினால் உள்ளே இருக்கும் நீர் பலூனுக்குப் போகும், பட்டி தளரும்.
இரண்டு மூன்று நிமிஷத்தில் தானே திரும்பி இறுகும்."

ஸ்பிரிங் பிரேக், என்றேன்.
அவருக்கு விளங்கவில்லை.
காற்றழுத்தம் போனால் பஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும், டொக்டர்;
ஓடத்தான் அழுத்தம் வேண்டும், நிற்க வேண்டாம்.
அவர் பேனையை வைத்துவிட்டு
இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

உள்ளே வைத்துத் தைத்த பிறகும்
ஆறு கிழமை ஓடவிடவில்லை. காயம் ஆற வேண்டுமாம்.
புது இயந்திரம் உள்ளே, பழைய பேட் வெளியே.
அறுபத்திரண்டு வயதில்
இரண்டு இருந்த இடத்தில் மூன்றாவதைத் தடவிப் பார்த்துத்
தனியே சிரித்தேன்.
ஒழுகியது. போகட்டும்.

ஏழாம் கிழமை தாதி மரிவிக்
அழுத்தி ஓர் அமுக்கு அமுக்கி அதை எழுப்பினாள்.
"இருமுங்கள்."
இருமினேன்.
"இன்னும்."
பதினெட்டு மாதத்து இருமலை எல்லாம் இருமினேன்.
துணி காய்ந்தே இருந்தது.

முற்றாக என்று சொல்லமாட்டேன்;
பாரம் தூக்கினால் இரண்டு சொட்டு.
பணப்பையில் ஓர் அட்டை:
இந்த ஆள் மயங்கிக் கிடந்தால்
பட்டியைத் தளர்த்தாமல் குழாய் செருகாதே.
பவளராணி அதை இரண்டுதரம் வாசித்தாள்.
தன் கைப்பைக்கும் ஒன்று வேண்டும் என்றாள்.
அன்றிரவு நிலவறை விளக்கை
அவளே போய் அணைத்துவிட்டு வந்தாள்.

நேற்றுப் பனி உருகித் தெருவெல்லாம் சேறு.
நீளக் கறுப்புக் கோட்டோடு ஒருவர் ஏறினார்.
என் வயதிருக்கும். முன்பக்கம் அணைத்துப் பிடித்த பை.
பாதி பஸ் காலி. அவர் உட்காரவில்லை,
கம்பியைப் பிடித்தபடி கதவோரம் நின்றார்.
கண்ணாடியில் பார்த்தேன்.
என்ன சொல்ல, ஓர் அந்நியனிடம்?
போலோ பார்க் வரைக்கும்
ஒவ்வொரு தரிப்பிலும்
முட்டை ஏற்றிப் போகிறவன்போல்
பிரேக்கை மிதித்தேன்.