காரணம் என்ற கட்டம்

இஞ்சம்பாக்கம் குப்பத்துக்கு இறங்கும் சந்தில்
வலைக்கயிற்றைக் குறுக்கே கட்டியிருந்தார்கள்.
ஒரு முனை கரண்டு கம்பத்தில்
மறுமுனை தேசப்பனின் ஓட்டைப் படகில்.
நடுவில் ஆடிக்கொண்டிருந்த அட்டையில்
அவன் மகள் எழுதியது:
வெளியாள் வரக் கூடாது.
இடம் போதாமல் கடைசி எழுத்துகள்
நசுங்கிக் கிடந்தன.

சந்து முடிகிற இடத்தில் நீல பங்களா.
அங்கே படுக்கை விரிப்பு துவைக்கிறவள் நான்.
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
ஆள் வந்து தங்கினால் தருகிறேன் என்று
போனில் சொல்லியிருந்தார் ஓனர்.
வேலைக்குப் போனால் அங்கேயே படுத்துக்கோ,
திரும்பி வராதே என்று
கூட்டம் போட்டுச் சொல்லியிருந்தது குப்பம்.

ஆடிக் காற்று மண்ணை வாரி இறைத்த மத்தியானத்தில்
அந்தக் கார் வந்து நின்றது.
கேஏ என்று தொடங்கும் நம்பர்.
மூன்று பேர் ஓடி வந்தார்கள்,
ஒருவன் கையில் துடுப்பு.
பின்சீட்டுக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
ஒரு குழந்தை.
மடியில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி,
மண் அள்ளும் குட்டிக் கரண்டி.

பாஸ் இருக்கு, பாஸ் இருக்கு என்று
பாதி இறக்கிய கண்ணாடி வழியே
போனை நீட்டினார் ஓட்டி வந்தவர்.
தேசப்பனுக்குக் கண்ணாடி உடைந்து மாசமாகிறது,
கடை திறக்கவில்லை.
ஏகவல்லி, நீ படி, என்றான்.

பெயர் படித்தேன்.
வண்டி எண் படித்தேன்.
புறப்படும் இடம் பெங்களூரு,
சேரும் இடம் சென்னை.
காரணம் என்ற கட்டத்தில்
மரணம்.

சாவுக்கு வந்திருக்காங்க, என்றேன்.
துடுப்பு தாழ்ந்தது.
தேசப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக்
கக்கத்தில் வைத்துக்கொண்டான்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கயிறு தானே அவிழ்ந்த மாதிரி இருந்தது.

எனக்கு மட்டும் தெரியும்.
மூன்று இரவு, இரண்டு ஏசி அறை,
வஞ்சிரம் வறுவல் வேண்டும் என்று
காலையிலேயே ஓனர் சொல்லிவிட்டார்.

வைகாசியில் அப்பா போனார், மரக்காணத்தில்.
அதே கட்டம். அதே சொல்.
இறந்தவர் பெயர், உறவுமுறை,
சான்று இருந்தால் இணைக்கவும்.
மூன்று தடவை போட்டேன்,
மூன்று தடவையும் நிராகரிப்பு.
பாஸ் கிடைச்சாலும் வராதே என்றான் தம்பி,
மெட்ராஸ்காரங்கன்னா ஊரே கதவைச் சாத்துது,
இங்கேயும் கயிறு கட்டியிருக்கோம்.
எங்கள் சந்தில் அப்போது கயிறு இல்லை.
குழியை மூடுவதைப் போனில் பார்த்தேன்.
இரண்டாவது கூடை மண்ணில்
படம் உறைந்து நின்றுவிட்டது.

பங்களா வாசலில் அந்த அம்மாள்
என் கையில் மருந்து பீய்ச்சினார்.
சாவியில் பீய்ச்சினார்.
நான் தொட்ட கதவுப்பிடியில் பீய்ச்சினார்.
தள்ளி நின்றே கேட்டார்,
உங்க ஏரியாவில் யாருக்காவது இருக்கா?
இல்லை என்றேன்.
ராக்கம்மா வீட்டில் இரண்டு நாளாக இருமல்.

அவர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்.
கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
செத்தது யாரு சார்?
நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.
பெரியப்பா, என்றார்.
பேரு?

கடல் பக்கம் திரும்பினார்.
அலை ஒன்று வந்தது, போனது,
இன்னொன்றும் வந்தது.
ரங்கண்ணா, என்றார் கடைசியில்,
மெதுவாக, உயிரோடு இருக்கிற யாரையோ
அந்த நேரத்தில் நினைத்துக்கொண்டவர் போல.
முகம் வெளுத்திருந்தது.
ச்சே, என்று தனக்குத்தானே சொன்ன மாதிரியும் இருந்தது.

குழந்தை அதற்குள்
வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடியது.
யாரும் இல்லாத கரை.
பிடிங்க, பிடிங்க, என்று கத்தினேன்.
ஆடி அலை பொல்லாதது.
அவர்கள் இரண்டு பேரும் ஓட
செருப்பை உதறிவிட்டு நானும் ஓடினேன்.
முதலில் எட்டியது என் கை.

ஈரக் குழந்தையை வாங்கிக்கொண்ட அம்மாள்
பாட்டிலைத் தேடினார்.
அது மணலில் எங்கோ விழுந்திருந்தது.