முப்பத்தொன்றாம் நிமிடம்

வால்திவியாவில் மழைநாளை யாரும் எண்ணுவதில்லை.
பெய்யாத நாளைத்தான்
விரல்விட்டுக் காட்டுவோம்.

உல்மோ மழைக்கோட்டின் உட்பையில்
கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துணிச்சீட்டு இருக்கும்.
பதினாறு வருடமாக அதில் எழுதுபவள் நான்.
"நனைவீர்கள். ஆனால் தாமதமாக."
அது என்னுடையது.
அதை வைத்துத்தான் முதலாளி எர்வின் ஷூலர்
வீடு கட்டினார்,
நான் பல் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரலில் அந்த மென்பொருள் வந்தது.
என் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளையும்
ஒரே மிடறில் குடித்துவிட்டு
ஏப்பம்கூட விடாமல்
அடுத்து என்ன என்றது.

முதல் நாளே முப்பத்தைந்து வாசகம்.
ஷூலர் என் பழைய ஐந்தை நடுவில் கலந்து
அச்சடித்துக் கொண்டுவந்தார்:
"உன்னுடையதைப் பொறுக்கு பார்ப்போம்."
மூன்றைப் பொறுக்கினேன்.
நான்காவதாக நான் சத்தியமே செய்தது
இயந்திரத்துடையது.

அன்று பேருந்து ஏறவில்லை, நடந்தேன்.
மீன்சந்தைப் படித்துறையில் கடற்சிங்கங்கள்
வெட்டிப்போட்ட தலைகளுக்காக அடித்துக்கொண்டிருந்தன.
கொஞ்ச நேரம் அவற்றின் பக்கம் இருந்தேன்.

வீட்டில் சமையல் மேசையில் தாளைப் பரப்பினால்
வரிக்கு வரி ஓர் "ஆனால்".
காற்று வரும், ஆனால்.
ஆலங்கட்டி விழும், ஆனால்.
என் முகத்து மச்சம் ஒன்றை எடுத்து
கண்ணாடி முழுக்க ஒட்டியிருந்தது.

அவற்றுள் ஒன்று:
"இதயம்வரை சூடு."
சிரித்தேன். இதயத்தைப் பற்றி இதற்கென்ன தெரியும்?
பழைய கோப்பைப் புரட்டினேன்.
ஜூலை 2011, சீட்டு எண் எண்பத்தெட்டு.
எழுத்துக்கு எழுத்து நான்.
பெர்னார்தோ பெட்டியோடு வெளியேறிய வாரம் அது.
அந்தக் கோட்டை நான் போட்டுக்கூடப் பார்க்கவில்லை.
போட்டிக்காரன் விலைப்பட்டியலை எட்டிப்பார்த்து
எழுதிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.
பாவம், அது என்ன செய்யும்?
ஊட்டியதைத்தானே கக்கும்.

விடிவதற்குள்
சிவப்புப் பென்சிலால் எழுபத்து மூன்றை அடித்தேன்.
எல்லாம் என் கையெழுத்து.

துவைக்கும் குறிப்புகளை அதற்கே கொடுத்துவிட்டேன்.
முறுக்கிப் பிழியாதீர், நிழலில் உலர்த்துக:
என்னைவிடப் பொறுமையாகச் சொல்கிறது.

பிறகு இந்த வருடத்துக் கோட்டை மாட்டிக்கொண்டு
பிகார்த்தே சாலையில், கூரையில்லாத நிறுத்தத்தில்
போய் நின்றேன்.
இரண்டு பேருந்தைப் போகவிட்டேன்.
மூன்றாவது ஓட்டுநர் கதவைத் திறந்து
"ஏறப்போறீங்களா, இல்ல வேண்டுதலா?" என்றார்.
முப்பத்தொன்றாம் நிமிடம்
இடது தோள் தையலில்
குண்டூசித் தலையளவு குளிர்.

அதையே எழுதினேன்.
"இடது தோள் முப்பத்தொன்றாம் நிமிடம் ஒழுகும்.
தையலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்."

ஷூலர் படித்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார்.
"இதை எவன் வாங்குவான்?"
எனக்கும் தெரியாது என்றேன்.
சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
அச்சுக்கா குப்பைக்கா, சொல்லவில்லை.

மறுநாள் தையல்கூடத்திலிருந்து
செகுந்தோ வென்சுமான் படியேறி வந்தார்,
கழுத்தில் அளவுநாடா, கையில் அதே சீட்டு.
"முப்பத்தொண்ணா? என் தையல் நாற்பது தாங்கும்."
வாங்க, என்றேன்.

இப்போது நிறுத்தத்தில் இருவரும் நிற்கிறோம்,
ஒரே அளவு, ஒரே நிறம்.
நம்பிக்கைக் குறைவால்
அவருடைய கடிகாரம் என் கையில்,
என்னுடையது அவர் கையில்.
இருபத்தாறு ஆகிறது.
இடது தோளை லேசாக ஒருமுறை உதறுகிறார்.
என்ன, என்கிறேன்.
ஒன்றுமில்லை, என்கிறார்.